வீட்டிலேயே முடிக்கு பெர்ம் செய்து சுருட்டையாக்கிக்கொள்ள முடியுமா? எப்படிச் செய்வது?

தோள் வரை இறங்கும் கோரை முடி. பார்லருக்குப் போகாமல், தனியாகவே, நிரந்தரமாகச் சுருட்டையாக்க வேண்டும். முடி பாழாகுமா என்ற பயமும் இருக்கிறது. கேள்வி இதுதானே?

செய்யலாம். ஆனால் "தனியாக" என்பதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். பிடரிப் பக்கத்து முடியைத் தன் கையாலேயே சரியாகச் சுற்றுவது பார்லர்காரர்களுக்கே சிரமம். அக்காவோ தோழியோ ஒருவர் மூன்று மணி நேரம் கூட இருக்கட்டும்.

முதலில் யார் செய்யவே கூடாது என்பது. கடந்த இரண்டு வருடத்துக்குள் ரீபாண்டிங், ஸ்மூத்தனிங் செய்த முடி, ப்ளீச் செய்த முடி இரண்டுக்கும் வேண்டாம். செய்தால் ஈரத்திலேயே ரப்பர் மாதிரி இழுபட்டு அறுந்துவிடும். சோடியம் ஹைட்ராக்சைடு கலந்த ரிலாக்ஸர் (முடியை நீட்டாக்கும் மருந்து) போட்ட முடிக்கு எந்தக் காலத்திலும் வேண்டாம்; அந்த முடி முழுதாக வளர்ந்து வெட்டுப்பட்ட பிறகுதான். மருதாணி இலையை அரைத்துப் பூசுகிறவர்களுக்கு பெர்ம் மருந்து முடிக்குள் சீராக இறங்காது, அங்கங்கே சுருளும், அங்கங்கே நீட்டிக்கொண்டு நிற்கும். உலோக உப்பு கலந்த கருப்புச் சாயப் பொடிகள் அதைவிட மோசம்: பெர்மில் போடும் பெராக்சைடு பட்டதும் சூடேறி முடியைக் கருக்கிவிடும். தலையில் புண், சொறி, பொடுகுக் காயம் இருந்தாலும் தள்ளிப்போடுங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொட வேண்டாம்.

இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதித் தப்பு நடக்காது. முடி என்பது கெரட்டின் என்ற புரதம். அதன் இழைகளை ஒன்றோடொன்று கட்டி வைத்திருப்பவை கந்தகப் பிணைப்புகள். கடையில் வாங்கும் பெர்ம் பெட்டியில் இருக்கும் முதல் குப்பி பெர்ம் லோஷன். அதில் இருப்பது பெரும்பாலும் அம்மோனியம் தயோகிளைகோலேட். அதன் பிஎச் 9-ஐ ஒட்டி இருக்கும், அதாவது காரத்தன்மை கொண்டது. அது முடியை உப்பவைத்து உள்ளே போய் அந்தப் பிணைப்புகளில் ஒரு பகுதியை அவிழ்க்கும். முடி அப்போது எந்த வடிவத்தில் சுற்றியிருக்கிறதோ அதற்குப் படிந்துகொள்ளும். இரண்டாவது குப்பி நியூட்ரலைசர்: சுமார் 2 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, சிலவற்றில் சோடியம் புரோமேட். அவிழ்ந்ததை அந்தப் புது வடிவத்திலேயே திரும்பக் கட்டுவது இதன் வேலை. ரீபாண்டிங்குக்கும் இதே வேதியியல்தான். அங்கே அயர்ன் வைத்து நீட்டுகிறார்கள், இங்கே குச்சியில் சுருட்டுகிறோம். (20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் கார்ல் நெஸ்லர் இதைச் சூடான பித்தளை உருளைகளைத் தலைக்கு மேல் தொங்கவிட்டுச் செய்தார், ஒரு தலைக்கு மணிக்கணக்கில் ஆகும். 1938-ல் ஆர்னால்ட் வில்லட் சூடே இல்லாத முறையைக் கொண்டுவந்த பிறகுதான் இது வீட்டுக்குள் வந்தது.)

ஆக, சுருளை உண்டாக்குவது லோஷன், நிலைக்கவைப்பது நியூட்ரலைசர். வீட்டில் செய்கிறவர்கள் எல்லோரும் லோஷன் எவ்வளவு நேரம் என்பதையே நினைத்துக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலும் கெடுவது சுற்றும்போதும், இரண்டு குப்பிக்கும் நடுவில் தண்ணீரில் அலசும்போதும்தான்.

லோஷன் வாங்கும்போது எண்ணைப் பாருங்கள். பல கம்பெனிகள் 0, 1, 2 என்று போடுகின்றன: 0 மருந்தை எளிதில் ஏற்காத முரட்டு முடிக்கு, 1 சாதாரண முடிக்கு, 2 சாயம் போட்ட அல்லது நலிந்த முடிக்கு. நம் ஊர்க் கருமுடி தடிமனாயிற்றே என்று முதல் தடவையே 0 எடுக்காதீர்கள், 1 போதும். ஐரோப்பிய விதியில் வீட்டு உபயோகத்துக்குத் தயோகிளைகோலேட் 8 சதவீதம் வரைதான், பார்லருக்கு 11 வரை. அட்டையில் சதவீதம் அச்சிட்டிருந்தால் இதோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்கலாம்.

இனி ராட், அதாவது முடியைச் சுற்றும் குச்சி. நிறத்தை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஸ்கேல் வைத்து விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். முடி ராடை இரண்டரைச் சுற்றாவது சுற்றினால்தான் சுருள் என்று சொல்லும்படி வரும். ஒன்றரைச் சுற்று என்றால் வெறும் அலைதான். 6 மில்லிமீட்டர் ராடுக்கு ஒரு சுற்று சுமார் 19 மில்லிமீட்டர், இரண்டரைக்கு 5 சென்டிமீட்டர் முடி போதும். 10 மில்லிமீட்டருக்கு 8 சென்டிமீட்டர், 16 மில்லிமீட்டருக்கு 12.5 சென்டிமீட்டர் வேண்டும். தோள் வரை முடிக்கு நீளப் பிரச்சினை இல்லை, எடைப் பிரச்சினைதான்: நீள முடியின் கனமே சுருளைக் கீழே இழுத்துத் தளர்த்தும். அதனால் மனதில் நினைக்கும் சுருளைவிட ஓர் அளவு சிறிய ராடாக எடுங்கள். தோளுக்கு 10 முதல் 13 மில்லிமீட்டர் சரியாக இருக்கும். முடியின் அடர்த்தியைப் பொறுத்து 45 முதல் 60 ராட் வரை செலவாகும். நடுவில் தீர்ந்தால் திண்டாட்டம். சுருண்டதும் முடி மூன்றில் ஒரு பங்கு குட்டையாகத் தெரியும், அதையும் மனதில் வைத்து முன்கூட்டியே வெட்டாதீர்கள்.

ராடோடு கூட வேண்டியவை: நுனியில் மடிக்கும் மெல்லிய தாள் (எண்ட் பேப்பர், ராடுக்கு இரண்டு வீதம்), வால் சீப்பு, தண்ணீர் தெளிக்கும் பாட்டில், பிளாஸ்டிக் கிண்ணம், கையுறை, வாஸ்லின், பஞ்சு, பழைய துண்டு நான்கு, டிஷ்யூ, பிளாஸ்டிக் தொப்பி, கடிகாரம். உலோகக் கிண்ணம் கூடாது. தோடு, செயின், வெள்ளிக் கொலுசு எல்லாம் கழற்றி வையுங்கள், வெள்ளி கறுத்துப்போகும்.

இரண்டு நாள் முன்பு காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு லோஷன் வைத்து அரிப்பு, சிவப்பு வருகிறதா பாருங்கள். அதோடு, பின்மண்டையில் வெளியே தெரியாத இடத்தில் ஒரு மெல்லிய கற்றையை முழு முறையும் செய்து பாருங்கள்: சுற்றி, லோஷன், அலசல், நியூட்ரலைசர், காய வைத்தல். காய்ந்த பின் மெல்ல இழுத்தால் திரும்பிச் சுருங்க வேண்டும். அறுந்தாலோ பஞ்சுபோல் ஆனாலோ முழுத் தலையையும் தொடாதீர்கள். அந்தக் கற்றைக்கு எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்துக்கொண்டால், அதுவே உங்கள் தலைக்கான கணக்கு.

பெர்ம் நாளில் எண்ணெய் அறவே இருக்கக்கூடாது. ஷாம்பு போட்டு ஒரே முறை அலசுங்கள், கண்டிஷனர் வேண்டாம். தலைத்தோலை நகத்தால் தேய்க்காதீர்கள். சிறு கீறல் இருந்தாலும் லோஷன் பட்டால் எரியும். போர் தண்ணீரின் உப்பு முடியில் படிந்திருந்தால் மருந்து சரியாக ஏறாது. கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் எடுத்து வையுங்கள்.

சுற்றுவதுதான் பாதி வேலை, ஒன்றரை மணி நேரம் போய்விடும். ஈரமான, சொட்டாத முடியை நெற்றியிலிருந்து பிடரி வரை நடுவில் ஒரு பட்டை, இரு பக்கமும் பட்டைகள் என்று பிரித்து கிளிப் போடுங்கள். பட்டையின் அகலம் ராடின் நீளத்தைவிடச் சற்றுக் குறைவாக இருக்கட்டும். ஒவ்வொரு கற்றையின் தடிமனும் ராடின் விட்டம் அளவுதான். அதிக முடியை ஒரே ராடில் திணித்தால் உள்ளே இருப்பது லோஷனே படாமல் நீட்டாகவே நிற்கும். கற்றையை நேராகத் தூக்கிப் பிடித்துச் சீவி, நுனியின் மேலும் கீழும் தாள் வைத்து, தாள் நுனியைத் தாண்டி ஒரு சென்டிமீட்டர் நீண்டிருக்கும்படி விட்டு ராடில் உருட்டத் தொடங்குங்கள். இந்த ஒரு சென்டிமீட்டரில் அலட்சியம் காட்டினால் நுனி எதிர்ப்பக்கம் மடங்கிவிடும், காய்ந்த பின் தூண்டில் முள் மாதிரி வளைந்து நிற்கும். அதை வெட்டத்தான் வேண்டும்.

முடியை இழுத்துப் பிடித்துச் சுற்றக் கூடாது. லோஷன் பட்டால் முடி உப்பும். இறுக்கமாகச் சுற்றினால் அது உப்ப இடமில்லாமல் அறுபடும். சீராக, தளர்வும் இறுக்கமும் இல்லாமல் தலைத்தோல் வரை உருட்டி ரப்பரைப் போடுங்கள். ரப்பர் வேர்ப்பக்கம் முடியை அழுத்தும் இடத்தில்தான் கோடு விழுந்து பின்னால் முறியும். வரிசையாக ரப்பர்களுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் குச்சியைச் செருகித் தூக்கிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

நெற்றி ஓரம், காதோரம், பிடரி முழுக்க வாஸ்லின் தடவி, பஞ்சைத் திரியாக உருட்டிச் சுற்றி வையுங்கள். ஜன்னலைத் திறந்துவிடுங்கள், அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும். லோஷனை ஒவ்வொரு ராடின் மேலும் கீழும் சொட்டுச் சொட்டாக விடுங்கள். தோளளவு முடிக்கு 100 மில்லி அளவு பிடிக்கும். ஊற்றி முடித்ததும் நனைந்த பஞ்சை எடுத்துவிட்டு, அந்த இடத்தைத் தண்ணீர் தொட்ட துணியால் ஒற்றி, புதுப் பஞ்சு வையுங்கள். மருந்தில் ஊறிய பஞ்சு பிடரியில் கால் மணி நேரம் கிடந்தால் தோல் வெந்துவிடும். வீட்டு பெர்மில் காயம் வருவது இப்படியும்தான்.

தொப்பி போட்டு நேரம் பாருங்கள். பெட்டியில் 15 நிமிடம் என்று இருந்தாலும் 5-ஆவது நிமிடத்திலேயே சோதியுங்கள். சூடு கூடினால் வினையும் வேகமாகும். மே மாத மதியத்தில் மூடிய அறையில் செய்தால் அட்டையில் போட்ட நேரம் பொருந்தாது. வேகப்படுத்தலாம் என்று ட்ரையர் காட்டவே வேண்டாம். சோதிப்பது இப்படி: ஒரு ராடை ஒன்றரைச் சுற்று மட்டும் அவிழ்த்து, இழுக்காமல் தலைத்தோல் பக்கம் மெல்லத் தள்ளுங்கள். முடி பாம்பு நெளிவது மாதிரி, ராடின் அளவுக்கே ஒரு தெளிவான நெளிவு காட்டினால் முடிந்தது. நெளிவு சோம்பலாக இருந்தால் திரும்பச் சுற்றி 2, 3 நிமிடம் கழித்துப் பாருங்கள். உச்சி, காதோரம், பிடரி என மூன்று இடத்திலும் பார்க்க வேண்டும். அட்டையில் போட்ட உச்ச நேரத்தைத் தாண்டக் கூடாது.

இப்போது தண்ணீர். ராடுகளைக் கழற்றாமல் வெதுவெதுப்பான தண்ணீரில் முழுசாக 5 நிமிடம், அடர்த்தியான முடி என்றால் 8 நிமிடம் கூட அலசுங்கள். மக்கில் மொண்டு ஊற்றுவதென்றால் இரண்டு மூன்று வாளி ஆகும். மோட்டார் போடாமல், கரண்ட் போகும் நேரத்தில் ஆரம்பித்துவிட்டு, லோஷன் தலையில் ஊறும்போது டேங்க் காலி என்று தெரிந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. முன்பே நிரப்பி வையுங்கள். உள்ளே தங்கும் லோஷன் வேலையை நிறுத்தாது, நியூட்ரலைசரையும் வீணாக்கும், நாற்றமும் வாரக்கணக்கில் போகாது.

அலசிய பின் துண்டால் ஒற்றி, பிறகு ஒவ்வொரு ராடையும் டிஷ்யூவால் அழுத்தி ஈரம் எடுங்கள். பத்து நிமிட அலுப்பான வேலைதான். ஆனால் ராடுக்குள் தேங்கிய தண்ணீர் நியூட்ரலைசரை நீர்க்கச் செய்துவிடும். முதல் தலைக்குளியலிலேயே சுருள் போய்விட்டது என்று புலம்புகிறவர்கள் விட்ட படி பெரும்பாலும் இதுதான்.

நியூட்ரலைசரை ஒவ்வொரு ராடிலும் இரண்டு தடவை விட்டு 5 நிமிடம், அல்லது பெட்டியில் சொன்ன நேரம், காத்திருங்கள். பிறகு ராடுகளை இழுக்காமல் உருட்டி அவிழ்த்து, மிச்சத்தை நுனிகளில் தடவி இன்னும் ஒரு நிமிடம். வெறும் தண்ணீரில் அலசுங்கள். ஷாம்பு இல்லை. கருமுடி லேசாகப் பழுப்படிப்பது பெராக்சைடின் வேலை, பயப்பட வேண்டாம்.

அடுத்த 48 மணி நேரம் ஷாம்பு, பின்னல், கிளிப், குதிரைவால் எதுவும் கூடாது. அகலப் பல் சீப்பு மட்டும், அதுவும் நுனியிலிருந்து மேலே. எண்ணெய்க் குளியலும் சீயக்காயும் இரண்டு வாரம் பொறுக்கட்டும். சாயம் போட வேண்டுமென்றால் பெர்முக்குப் பிறகு இரண்டு வாரம் கழித்துத்தான்.

சரியாக வரவில்லையா? ஈரமாக இருக்கும்போது சுருண்டு, காய்ந்ததும் தேங்காய் நார் மாதிரி பறந்தால், மருந்து அதிகமாகிவிட்டது. சுருள் போதவில்லை என்று நினைத்து மறுபடி பெர்ம் போடுவது இங்கேதான் நடக்கிறது, அது முடியை முறித்துவிடும். கண்டிஷனர் போட்டுப் பராமரித்து, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி வருவதைத் தவிர வழியில்லை. ஈரத்திலும் காய்ந்தும் ஒரே மாதிரி தளர்வாக இருந்து, முடி பளபளப்பாகவும் வலுவாகவும் இருந்தால் மருந்து குறைந்துவிட்டது, அல்லது நியூட்ரலைசர் போதவில்லை. அப்படியென்றால் ஒரு மாதம் விட்டு, கற்றைச் சோதனை செய்து பார்த்த பின் மறுபடி முயலலாம்.

சுருண்ட முடி அப்படியே இருக்கும், வேரிலிருந்து வளர்வது கோரையாகவே வரும். நான்கைந்து மாதத்தில் உச்சி தட்டையாகத் தெரிய ஆரம்பிக்கும். அப்போது புதிதாக வளர்ந்த அந்த 5, 6 சென்டிமீட்டருக்கு மட்டும் லோஷன் படவேண்டும். ஏற்கெனவே சுருண்ட பகுதியில் கெட்டியான கண்டிஷனரைப் பூசி, பிளாஸ்டிக் தாளால் மூடி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.