வெறும் கேரியர்

அன்புள்ள ஐயா,

ரத்ததானம் செய்யப் போன இடத்தில் எனக்கு ஹெபடைடிஸ் பி இருப்பது தெரிந்தது. வயது 43. கல்லீரல் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கிறது, நான் வெறும் கேரியர்தான், அதாவது நோயில்லாமல் வைரஸைச் சுமப்பவன் மட்டுமே என்றார் மருத்துவர். ஆனால் வைரஸின் டிஎன்ஏ நம் மரபணுவிலேயே ஒட்டிக்கொள்ளும் என்று எங்கோ படித்தேன். இது என் மகளுக்கும் பரம்பரையாகப் போகுமா? கீழாநெல்லி சாப்பிடலாமா?

கே.

அன்புள்ள கே.,

மகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்து தடுப்பூசி போட்டுவிடுங்கள். நீங்கள் படித்த சங்கதி நடப்பது உங்கள் கல்லீரல் செல்லுக்குள். அது பரம்பரைச் சொத்து இல்லை. கீழாநெல்லி வைரஸை விரட்டுகிறது என்று 1988இல் சென்னையிலிருந்து ஒரு ஆய்வு லான்செட்டில் வந்தது. வைரஸைக் கண்டுபிடித்த ப்ளூம்பெர்க்கும் அதில் ஒருவர். பின்னால் வந்த சோதனைகளில் அந்தப் பலன் நிற்கவில்லை. அதை விடுங்கள்.

என்னை உறுத்தியது அந்த 'வெறும்'. இதே வைரஸ் இருந்த என் பெரிய மாமாவும் இதையேதான் சொல்வார்: "நான் வெறும் கேரியர்தான் மாப்ளே." கையில் நாலடுக்கு டிபன் கேரியர் ஆடும். நமக்குக் கேரியர் என்றால் அதுதானே? சாம்பார் ஒரு அடுக்கு, சோறு ஒரு அடுக்கு. தூக்கிப் போகிறவன் மேல் ஒரு சொட்டுப் படாது.

இந்த வைரஸ் அப்படி இல்லை ஐயா! அதன் டிஎன்ஏ சுமார் 3,200 எழுத்து, நம்முடையது 300 கோடி. நம் இழை அறுந்து செல் அதை ஒட்டுப்போடும்போது வைரஸின் துண்டும் சேர்ந்து தைக்கப்பட்டுவிடுகிறது. வைரஸுக்கு இதில் லாபமே இல்லை, அந்தத் துண்டிலிருந்து முழு வைரஸ் பிறக்காது. பெரும்பாலும் நமக்கும் நஷ்டமில்லை. ஆனால் டெர்ட் என்ற மரபணுவின் வாசலில் போய் விழுந்தால்? வளர்ந்த கல்லீரல் செல்லில் மூடிக் கிடக்கும் கதவு அது. திறந்துகொண்டால் செல்லுக்கு முதுமை மறந்துபோகும், பிரிந்துகொண்டே இருக்கும். ஹெபடைடிஸ் பி-யால் வரும் கல்லீரல் புற்றுநோய்களில் ஐந்துக்கு நான்கில் இப்படித் தைத்த துண்டுகள் இருக்கின்றன.

உங்கள் ரத்தப் பரிசோதனை செல் சேதமாவதைத்தான் காட்டும், தையலைக் காட்டாது. மாமாவுக்கும் எல்லாம் நார்மல்தான். குடித்ததில்லை, கல்லீரல் சுருங்கவும் இல்லை. ஸ்கேனில் ஒன்பது சென்டிமீட்டர் கட்டி. அதுதான் அவர் எடுத்த முதல் ஸ்கேன்.

எங்கெங்கோ படிக்க நேரமிருக்கிறது, ஸ்கேன் எடுக்க நேரமில்லையா? நாற்பது தாண்டிய ஆண் நீங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். வைரஸின் அளவையும் பாருங்கள். தேவைப்பட்டால் மாத்திரை தருவார்கள். தைத்ததை அது பிரிக்காது, ஆனால் ஆபத்தை நன்றாகவே குறைக்கும்.

மகளைப் பற்றி வேறு ஏதாவது கேட்டிருந்தீர்களா? ஸ்கேன் எடுத்துவிட்டு எழுதுங்கள், அப்புறம் பேசலாம்.