ஜெர்மனியில் சின்ன ஃபிளாட்டில் ரைஃபிளை எப்படிப் பாதுகாப்பாக வைப்பது?

உரிமம் உள்ளவரைத் தவிர வேறு எவர் கைக்கும் துப்பாக்கி எட்டாமல் பூட்டி வைப்பதைத்தான் பாதுகாப்பான சேமிப்பு என்கிறார்கள். திருடன் மட்டுமல்ல, மனைவி, பிள்ளை, விருந்தாளி எல்லோரும் இதில் அடக்கம். சின்ன வீட்டில் ஒளித்து வைக்க இடமே கிடையாது. அதனால் துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் பாதுகாப்புப் பெட்டிதான் எல்லாம்.

2017 ஜூலை முதல் அங்கே புதிதாக வாங்கும் பெட்டி ஈஎன் 1143-1 என்ற, உடைத்துத் திருடுவதை எவ்வளவு தாங்கும் என்று அளக்கும் ஐரோப்பியத் தரத்தில் குறைந்தது 0 நிலையாவது (அதன் ஆரம்ப நிலை) இருக்க வேண்டும். மரக் கண்ணாடி அலமாரி அழகுதான், சட்டத்துக்கு ஆகாது. எடை குறைந்த பெட்டியை அப்படியே தூக்கிப் போய்விடலாம். சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டு இறுக்குங்கள். வாடகை வீடென்றால் உரிமையாளரிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.

பலர் கோட்டை விடுவது சாவியில். பீரோவைப் பூட்டிவிட்டு சாவியை அரிசி டப்பாவில் போடுவது போலத்தான் இதுவும்: வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சாவியையும் அதே தரமுள்ள பெட்டியில்தான் வைக்க வேண்டும் என்று 2023-இல் மியூன்ஸ்டர் உயர் நிர்வாக நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கு இன்னொரு பெட்டி, அதற்கு இன்னொரு சாவி! எண் பூட்டு வாங்குவதே என் சிபாரிசு.

தோட்டாவை எப்போதும் தனிப் பெட்டியில்தான் வைக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 0 நிலைப் பெட்டியில் இரண்டையும் சேர்த்தே வைக்கலாம், துப்பாக்கிக்குள் மட்டும் தோட்டா இருக்கக் கூடாது.