ஒரு பெட்டி உருகி வந்துச்சு, கிலோ கணக்குலதான் பணம் தருவோம்ங்கிறாங்க

கேள்வி: எங்க பயோடெக் லேபை வேற நாட்டுக்கு மாத்துற வேலை முழுக்க என் தலையில. மைனஸ் 80 ஃப்ரீசர்ல இருந்த சாம்பிளை டிரை ஐஸ் போட்டு 3 பெட்டியா ஃபிளைட்ல அனுப்பினோம், பேக் பண்ணது மூவர்ஸ் ஆளுங்க. ஒரு பெட்டி உருகி வந்திருக்கு. டெலிவரி அன்னைக்கு இருந்த அவசரத்துல நல்ல நிலையில வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்து போட்டுட்டேன், 9 நாள் ஆச்சு. பெட்டி 18 கிலோ, அந்த எடைக்குத்தான் பணமாம். டைரக்டர் நஷ்டத்தை என் சம்பளத்துல பிடிப்பேன்ங்கிறார்.

பதில்: மீதியை அப்புறம் படிங்க, மொதல்ல ஏர்லைனுக்கும் மூவர்ஸுக்கும் தனித்தனியா எழுத்துல புகார் அனுப்புங்க. ரெண்டு நாடும் 1999 மாண்ட்ரீல் கன்வென்ஷன்ல, அதாவது விமானப் போக்குவரத்துக்கான சர்வதேச ஒப்பந்தத்துல, இருந்தா, அதுல பெரும்பாலான நாடுங்க இருக்கு, சரக்கு கெட்டுப்போச்சுன்னு கையில வாங்கின நாள்ல இருந்து 14 நாளுக்குள்ள சொல்லணும், லேட்டா வந்ததுக்கு 21 நாள். விட்டீங்கன்னா ஏர்லைன் மேல கேஸே நிக்காது, அவங்க ஏமாத்தினதா காட்டினாலொழிய. போன்ல பேசினதெல்லாம் கணக்குல வராது. கேஸ் போட 2 வருஷம் இருக்கு, அதுக்கு அவசரம் இல்ல.

கையெழுத்தை நினைச்சு ரொம்ப பயப்படாதீங்க, அது முதல்கட்ட சாட்சி மட்டும்தான், உடைக்க முடியும். உடைக்கிற சாமான் பெட்டிக்குள்ளயே இருக்கும், டெம்பரேச்சர் லாகர், வெப்பநிலையை நேரத்தோட பதிவு பண்ற கருவி. அந்த டேட்டாவை இன்னைக்கே இறக்கி, ஒரிஜினல் ஃபைலை தொடாம பத்திரமா வைங்க. எவ்வளவு டிகிரி ஏறுச்சுங்கிறதை விட எத்தனை மணிக்கு ஏறுச்சுங்கிறதுதான் எனக்கு முக்கியம், ஏன்னா அந்த நேரத்துல பெட்டி எங்க இருந்துச்சுன்னு டிராக்கிங்கோட ஒப்பிட்டு பார்த்தா உங்க கேஸோட தலையெழுத்தே தெரிஞ்சிடும்.

ஏர்போர்ட்டுக்குள்ளயோ ஃபிளைட்லயோ ஏறியிருந்தா கன்வென்ஷன் கணக்குதான், 2024 டிசம்பர் 28ல இருந்து கிலோவுக்கு 26 எஸ்டிஆர், அதாவது ஐஎம்எஃப் வெச்சிருக்கிற கணக்கு யூனிட். 18 கிலோவுக்கு 468. படுமோசமான அலட்சியம்னு நிரூபிச்சாலும் சரக்கு விஷயத்துல இந்த உச்சவரம்பு உடையாது, கசப்புதான். உடையணும்னா அனுப்பும்போதே ஏர்வே பில்லுல, அதாவது விமான சரக்கு ரசீதுல, மதிப்பை டிக்ளேர் பண்ணி கூடுதல் கட்டணம் கட்டியிருக்கணும், அதுல மதிப்பு எழுதுற கட்டத்துல என்விடின்னு இருந்தா மதிப்பு சொல்லலைன்னு அர்த்தம். ஃப்ரீசருக்கு ஜெனரேட்டர் பேக்கப் வரைக்கும் யோசிக்கிறவங்க இந்த ஒரு கட்டத்தை மட்டும் பாக்கவே மாட்டாங்க.

ஆனா ஒரு வழி இருக்கு. உருகின பெட்டியால அதே ஏர்வே பில்லுல வந்த மத்த பெட்டிங்களோட மதிப்பும் அடிபட்டுச்சுன்னா அதோட எடையும் சேர்த்துக்கலாம். ஒப்பிட்டு பாக்க வெச்சிருக்கிற கண்ட்ரோல் சாம்பிள் எல்லாம் உருகின பெட்டியில இருந்து, டெஸ்ட் சாம்பிள் நல்லா வந்த ரெண்டுல இருந்தா, அந்த ரெண்டும் இப்ப எதுக்கு ஆகும்? இதை உங்க சயின்டிஸ்ட் கிட்ட எழுதி வாங்குங்க.

மூவர்ஸ் குடோன்லயே உருகியிருந்தா கதை வேற, அங்க உள்ளூர் சட்டமும் அவங்க அக்ரிமெண்டும்தான் பேசும், அவங்க ஆளே பேக் பண்ணியிருக்கிறதால பேக்கிங் சரியில்லைன்னு உங்க மேல தள்ளவும் கஷ்டம். டிரை ஐஸ் லேபிள்ல, யூஎன் 1845ன்னு போட்டிருக்கும் அது, ஐஸோட நிகர எடையும் எழுதியிருக்கணும், போட்டோ எடுத்துக்குங்க, ஐஸ் பத்தலைன்னா அதுவே காட்டிக் கொடுக்கும். இன்சூரன்ஸ் இருந்தா இன்னைக்கே சொல்லிடுங்க, சாதாரண கார்கோ பாலிசி தாமதத்தால வந்த நஷ்டத்தை ஒதுக்கிடும், அதனால டெம்பரேச்சருக்குன்னு தனி ஷரத்து இருக்கான்னு தேடுங்க. எம்டிஏ, அதாவது சாம்பிள் கைமாத்துற ஒப்பந்தம், போட்டு வேற இடத்துல இருந்து வாங்கின சாம்பிள் உள்ள இருந்தா அவங்களுக்கும் தகவல் போகணும், மறைச்சா அது தனி கேஸ்.

சம்பளம் பத்தி: வேலையில நடந்த தவறுக்கு முதலாளி தன்னிஷ்டத்துக்கு சம்பளத்துல கை வைக்க பல நாடுகள்ல சட்டம் விடாது, உங்க வேலை ஒப்பந்தத்தோட அங்க ஒரு லேபர் வக்கீலை பாருங்க. அதுவரைக்கும் பொறுப்பேத்துக்கிறேன்னு எதுலயும் கையெழுத்து போட்டுடாதீங்க, ஒரு தடவை போட்டது போதும். உருகின ட்யூபையும் யாரும் ஆட்டோகிளேவ்ல, அந்த நீராவி கிருமிநீக்க மெஷின்ல, போட்டுடாம பாத்துக்குங்க, சேதத்தை மதிப்பிடுற சர்வேயர் வந்து பாக்குற வரைக்கும் அது குப்பை இல்ல.