பச்சை குத்திய கையோடு தாதியர் பணிக்குப் போகலாமா?

கேள்வி: என் மகள் எஸ்பிஎம் என்ற மலேசியப் பள்ளியிறுதித் தேர்வை முடித்துவிட்டுத் தாதியர் டிப்ளோமாவுக்கு மனு செய்கிறாள். வலது மணிக்கட்டின் உட்புறத்தில் இரண்டு அங்குலத்துக்கு வேல் பச்சை குத்தியிருக்கிறாள். இதனால் இடம் கிடைக்காமல் போய்விடுமா?
– ஒரு தாய், பட்டர்வொர்த்

பதில்: என்ன உருவம் என்பதைவிட எந்த இடம் என்பதுதான் முக்கியம், அம்மா. தோளிலோ முதுகிலோ இருந்தால் சீருடைக்குள் அடங்கிவிடும். மணிக்கட்டு அடங்காது. அதனால் கட்டணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். கல்லூரியின் விதியை மட்டும் கேட்டால் போதாது. மாணவிகளைப் பயிற்சிக்கு மருத்துவமனைகளுக்கு அனுப்புவார்கள். வார்டில் நிற்கும்போது அந்த மருத்துவமனையின் உடை விதிதான் செல்லும். ‘எந்தெந்த மருத்துவமனைக்கு அனுப்புவீர்கள், வெளியே தெரியும் பச்சைக்கு அங்கே என்ன விதி?’ என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். பச்சையின் பக்கத்தில் அளவுகோலை வைத்து எடுத்த படம் ஒன்றையும் சேர்த்து அனுப்பினால் அளவில் சந்தேகம் வராது.

நேர்முகத் தேர்வில் உங்கள் மகளே பேச்சை எடுக்கட்டும். முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துவிட்டு, முதல் நாள் வார்டில் மேட்ரன் கண்ணில் பட்டால், பேச்சு பச்சையை விட்டுவிட்டு ‘ஏன் மறைத்தாய்?’ என்பதில் வந்து நிற்கும். கொடுத்த மருந்தைக் கொடுத்தபடி எழுதிவைப்பவள் தாதி. அவள் சொல்லில் சந்தேகம் வரக்கூடாது. இரண்டு அங்குல வேலுக்காக ஆர்வமுள்ள பிள்ளையைத் திருப்பி அனுப்புவது நியாயமில்லை என்பதே எங்கள் எண்ணம். ஆனாலும் விதி அவர்கள் கையில்.

கேள்வி: பணி நேரத்தில் மட்டும் கைக்கடிகாரம், பிளாஸ்டர், ஃபவுண்டேஷன் ஏதாவது ஒன்றால் மணிக்கட்டுப் பச்சையை மறைத்துக்கொள்ளலாமா?
– வாசகி, செந்தூல்

பதில்: வேண்டாம். பச்சையைவிட அதை மறைக்கும் பொருளால்தான் நோயாளிக்கு ஆபத்து. ஆறிப்போன பச்சையின் மை தோலின் உள்ளடுக்கில் இருக்கிறது. மேலே சோப்பும் தண்ணீரும் தடையில்லாமல் ஓடும். கடிகாரப் பட்டைக்கு அடியில் ஈரமும் அழுக்கும் கிருமியும் தங்கும். பிரிட்டனில் 2007 முதல் நோயாளியைத் தொடுபவர்கள் முழங்கைக்குக் கீழே கடிகாரமோ வளையலோ போடக்கூடாது என்ற நடைமுறை இருக்கிறது. அதே நாட்டில் அருவருப்பு ஊட்டாத பச்சையைப் பல அரசாங்க மருத்துவமனைகள் அனுமதிக்கின்றன. சுத்தம் வேறு, தோற்றம் வேறு என்று அவர்கள் பிரித்துப் பார்க்கிறார்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு: ஆல்கஹால் திரவம் என்றால் 20 முதல் 30 வினாடி, சோப்பு என்றால் மொத்தம் 40 முதல் 60 வினாடி. அதுவும் நோயாளியைத் தொடும் முன்பும் பின்பும். ஒரு ஷிப்டில் இப்படி எத்தனை முறை என்று யோசியுங்கள். ஃபவுண்டேஷன் முதலில் கையுறையின் விளிம்பு உரசும் இடத்தில் கோடு கோடாகக் கலையும். பிறகு கையுறைக்குள் வழியும். பிளாஸ்டர் ஓரம் நனைந்து கிளம்பும்.

முழங்கைக்கு மேலே, சட்டைக் கைக்குக் கீழே எட்டிப் பார்க்கும் பச்சை என்றால் மேக்கப் போடலாம். மாநிறத் தோலில் கறுப்பு மை நீலம் பாய்ந்து தெரியும். நேராகத் தோல்நிற கன்சீலர் பூசினால் சாம்பல் பூத்தது போலாகும். முதலில் ஆரஞ்சு நிறக் கரெக்டரை மெல்லியதாக ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். இரண்டு நிமிடம் காயவிட்டு கன்சீலர், அதன்மேல் பவுடர். பத்து நிமிடம் கழித்து மிச்சப் பவுடரைத் தட்டிவிட்ட பிறகே சீருடை போடுங்கள்.

கேள்வி: லேசரில் எடுத்துவிட்டால் எத்தனை நாளில் போகும்?
– வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: நாள் கணக்கில்லை, மாதக் கணக்கு. லேசர் மையைத் தூளாக்கும். தூளை அள்ளிக்கொண்டு போவது உடம்பின் வேலை, அதற்கு வாரங்கள் ஆகும். அதனால்தான் இரண்டு அமர்வுக்கு நடுவில் 6 முதல் 8 வாரம் விடுகிறார்கள். எட்டு அமர்வு என்று வைத்துக்கொண்டால் நடுவில் ஏழு இடைவெளி, 8 வாரம் வீதம் 56 வாரம். ஓராண்டைத் தாண்டிவிடுகிறது. கையிலும் காலிலும் உள்ள மை, உடம்பின் நடுப்பகுதியில் உள்ளதைவிட மெதுவாகவே மங்கும். தாதியர் படிப்பு மனத்தில் இருந்தால் எஸ்பிஎம் எழுதும் ஆண்டிலேயே டாக்டரைப் பாருங்கள்.

நம் தோல் நிறத்துக்கு 1064 நானோமீட்டர் அலைநீள லேசர்தான் பாதுகாப்பு அதிகம். கறுப்பு மைக்கும் அதுவே பொருந்தும். சிவப்பு மைக்கு வேண்டிய 532, தோலின் சொந்த நிறத்தையும் தாக்கி வெள்ளைத் திட்டு விட்டுவிடலாம். முதலில் ஓரத்தில் சிறு புள்ளியில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கொப்புளம் வந்தால் உடைக்காமல் வாசலின் தடவி, ஒட்டாத கட்டுப் போடுங்கள்.

அழகு நிலையத்தில் முடி எடுக்கும் ஐபிஎல் என்ற ஒளிக்கருவியைப் பச்சையின் மேல் வைக்க விடாதீர்கள். தோல் வெந்து தழும்பாகும். டாக்டரிடமும், அழகு சிகிச்சை செய்யச் சுகாதார அமைச்சு தரும் எல்சிபி என்ற அனுமதிக் கடிதத்தைக் கேட்டுப் பாருங்கள், கேட்பதில் தவறில்லை. பச்சையின் மேல் தோல்நிற மை குத்தி மூடுவதாகச் சிலர் சொல்வார்கள். அந்த மையில் டைட்டானியம் டையாக்சைடோ இரும்பு ஆக்சைடோ இருக்கும். பிற்பாடு லேசர் பட்டால் அதுவே கறுத்துப்போகும்.

கேள்வி: தீபாவளிக்கு மருதாணி வைத்துக்கொண்டு வேலைக்குப் போகலாமா?
– பயிற்சித் தாதி, பினாங்கு

பதில்: உங்கள் வார்டு சிஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வையுங்கள். அசல் மருதாணி தோலின் மேலடுக்கில் ஏறும் சாயம், கழுவ இடைஞ்சல் இல்லை. முதலில் ஆரஞ்சாகத் தெரிந்து, ஓரிரு நாளில்தான் சிவந்து கருக்கும். ஒரு மணி நேரத்தில் கன்னங்கரேல் என்று பிடித்தால் பிபிடி என்ற தலைமுடிச் சாயம் கலந்திருக்கக்கூடும். அது கொப்புளம் கிளப்பும், ஒவ்வாமை ஆயுளுக்கும் நிற்கலாம். புண்ணான கையோடு நோயாளியைத் தொட முடியாது என்பதால் கடைக் கோனைத் தவிர்த்து, இலையை வீட்டிலேயே அரைத்து வையுங்கள்.