வட்ட மாத்திரைக்கு ஏன் லாசெஞ்ச் என்று பெயர்?

அன்புள்ள ஐயா,

தொண்டைக் கரகரப்புக்கு வாங்கிய மாத்திரை அட்டையில் 'லாசெஞ்ச்' என்று போட்டிருந்தது. அகராதியைப் புரட்டினால் டைமண்ட் வடிவம் என்கிறது. மாத்திரையோ வட்டமாக இருக்கிறது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? ராம்பஸ் என்பதும் இதுதானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சம்பந்தம் இருக்கிறது. வடிவம்தான் முந்தியது, மாத்திரை பிந்தியது. அந்தக் காலத்தில் மருந்துப் பொடியைச் சர்க்கரையும் பிசினும் சேர்த்துப் பிசைந்து, தகடாகத் தேய்த்து, கத்தியால் வெட்டி எடுப்பார்கள். ஒரு வரிசைக் கோட்டை நேராகவும் இன்னொன்றைச் சாய்வாகவும் போட்டால் துண்டுகள் எல்லாம் சாய்சதுரமாக விழும், நடுவில் துளி மருந்தும் வீணாகாது. அப்புறம் வட்டமாக அச்சில் அழுத்த ஆரம்பித்தார்கள், பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

சொல் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்கு முந்தைய வேர் பற்றி இரண்டு கருத்து உண்டு: தட்டையான கல் பலகையைக் குறிக்கும் 'லௌசா' என்பது ஒன்று, 'லௌஸினஜ்' என்ற அரபுப் பாதாம் இனிப்பு மற்றது. நான் கல் பக்கம்தான். தெற்கு பிரான்சில் கூரை வேயும் கல் பலகைக்கு இன்றும் 'லோஸ்' என்றுதான் பெயர்.

ராம்பஸ், அதாவது சாய்சதுரம், என்ற சொல்லின் கதை எனக்கு இதைவிடப் பிடித்தது. கிரேக்கத்தில் 'ரோம்போஸ்' என்றால் சுழலும் பொருள். கயிற்றில் கட்டிய தட்டையான மரத்துண்டைத் தலைக்கு மேல் வேகமாகச் சுற்றுவார்கள், அது 'ஙொய்ய்' என்று உறுமும். சடங்குகளில் பயன்பட்ட அந்தக் கருவிக்கும் இதே பெயர்தான். ஆர்க்கிமிடீஸ் இரண்டு கூம்புகளை அடியோடு அடி ஒட்டினால் வரும் உருவத்தைத் 'திண்ம ராம்பஸ்' என்றார். அட்டையில் ஒரு சாய்சதுரம் வெட்டி, எதிரெதிர் முனைகளை இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்துச் சுண்டிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரிவது அந்த இரட்டைக் கூம்பேதான்! சுழற்சியைக் குறித்த சொல் ஒரு கோட்டுருவத்துக்குப் போய்ச் சேர்ந்ததில் எனக்கு வியப்பே இல்லை.

சரி, இரண்டும் ஒன்றா? வடிவம் என்ற அளவில் ஒன்றுதான். நான்கு பக்கமும் சமமாக இருந்தால் ராம்பஸ். லாசெஞ்ச் என்று சொல்லும்போது பெரும்பாலும் ஒடுங்கலாக, முனையில் நிற்பதைத்தான் நினைக்கிறார்கள். சதுரத்தைச் சேர்ப்பதா என்பதில்தான் குழப்பம் வரும்: பழைய கிரேக்கக் கணித மேதை யூக்ளிட் தன் 'எலிமெண்ட்ஸ்' என்ற வடிவியல் நூலில், முதல் புத்தகத்தின் 22ஆம் வரையறையில் செங்கோணம் இருக்கக் கூடாது என்று சதுரத்தை வெளியே தள்ளினார், இன்றைய பாடப்புத்தகம் அதையும் சாய்சதுரம் என்றே ஏற்றுக்கொள்கிறது.