சிஸ்டம் மாற்றம்: சென்னை வியாபாரிகளின் கேள்விகள்

அம்பத்தூரில் லேத் பட்டறை. ஆர்டர் தரும் பெரிய கம்பெனிகள் பில், கணக்கு போடும் கம்ப்யூட்டர் சிஸ்டத்தை மாற்றிவிட்டு எங்களையும் மாறச் சொல்கின்றன. அது அவர்கள் பாடுதானே?

உங்கள் பாடும்தான். 2017-18 முதல் ஏதாவது ஓர் ஆண்டில் விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியிருந்தால், ஜிஎஸ்டி பதிவுள்ளவருக்குப் போடும் பில்லுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் (அரசு போர்ட்டலில் பதிந்த பில்) கட்டாயம். பதிந்ததும் போர்ட்டல் தரும் ஐஆர்என் எண் இல்லாத பில் செல்லாது. வாங்கியவருக்கு வரி வரவு, அதாவது உங்களுக்குத் தந்த ஜிஎஸ்டியைத் தன் வரியில் கழித்துக்கொள்வது, சிக்கலாகும். கம்பெனிகள் பணத்தை நிறுத்தி வைப்பது அதனால்தான். தப்பான பில்லை போர்ட்டலில் 24 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்யலாம். பிறகு கிரெடிட் நோட்தான் (பில் தொகையைக் குறைத்து நீங்கள் தரும் சீட்டு). சனிக்கிழமை சாயங்காலம் மொத்தமாக பில் போட்டு, திங்களன்று சரிபார்க்கிற வழக்கம் இங்கேதான் காலை வாரும்.

கொடவுன் தெருவில் துணி மொத்த வியாபாரம். சாஃப்ட்வேர் போட்டு ஆறு மாதம். திரையில் ஒரு கணக்கு, ரேக்கில் ஒரு கணக்கு. ஏன்?

சாஃப்ட்வேரைத் திட்டுவதற்கு முன் ஐட்டம் மாஸ்டரை, அதாவது அதிலுள்ள சரக்குப் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். 'வெள்ளை பாப்ளின் 36', 'பாப்ளின் ஒயிட் 36' என ஒரே துணி இரண்டு பெயரில் கிடக்கும். ஒன்றில் வரவு, மற்றதில் விற்பனை. மைனஸ் ஸ்டாக் (இருப்பு பூஜ்ஜியத்துக்குக் கீழே காட்டும் சரக்கு) பட்டியலை எடுத்தாலே பாதி வியாதி தெரிந்துவிடும்.

அடுத்தது அளவு. வாங்குவது ரோல், விற்பது மீட்டர். ரோலுக்கு ரோல் நீளம் மாறும். எல்லாவற்றையும் ஒரே நீளமாகப் பதிந்தால் தினமும் கொஞ்சம் கசியும். வரவு வைக்கும்போதே ஒவ்வொரு ரோலின் மீட்டரையும் பதியுங்கள்.

பிறகு ஒரு ஞாயிறு கடையை அடைத்து எண்ணுங்கள். ஒருவர் எண்ண, இன்னொருவர் எழுத, திரை அணைந்திருக்கட்டும். பார்த்துக்கொண்டே எண்ணினால் கணக்கு அதே எண்ணில் போய் நிற்கும்! பழைய நோட்டை ஒரு மாதம் கூடவே எழுதுங்கள். அதற்கு மேல் போனால் ஆட்கள் நோட்டையே நம்புவார்கள். தீபாவளி சீசனில் இந்த வேலையில் கை வைக்க வேண்டாம்.

கணக்கை வைக்க கடையிலேயே சர்வரா, இணையம் வழியாக வெளியே வைக்கும் கிளவுடா?

2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் இது. தரைத்தளத்தில் மேசைக்கடியில் சர்வர் வேண்டாம். கிளவுட் என்றாலும் வாரம் ஒரு பேக்கப் தனி டிஸ்கில் எடுத்து, வேறு கணினியில் திறந்தும் பாருங்கள்.

எங்களுடையது பிரைவேட் லிமிடெட். கணக்கு சாஃப்ட்வேரின் பழைய வெர்ஷனே நன்றாக ஓடுகிறதே?

ஓடினாலும் போதாது. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு சாஃப்ட்வேரில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாக வேண்டும். அந்தப் பதிவை அணைக்க முடியக் கூடாது. புரோப்ரைட்டர்ஷிப்புக்கும் பார்ட்னர்ஷிப்புக்கும் இந்த விதி இல்லை. கம்பெனியின் ஆடிட்டர் இந்தத் திருத்தப் பதிவு பற்றித் தன் அறிக்கையில் சொல்லியாக வேண்டும். வெர்ஷன் மாற்றும் அன்றே ஆளுக்கொரு லாகின் கொடுங்கள். ஒரே பாஸ்வேர்டில் நாலு பேர் நுழைந்தால் எல்லாத் திருத்தமும் 'அட்மின்' பெயரில்தான் நிற்கும்.