நடுச்சுவரைத் தாண்டாத வைஃபை: பெரிய வீட்டுக்கு மெஷ், கேள்வி பதில்

கோவையில் வீடுகளுக்கும் சின்ன ஆபீஸ்களுக்கும் நெட்வொர்க் போட்டுக் கொடுப்பது என் தொழில். எந்தக் கம்பெனிக்கும் ஏஜென்ட் கிடையாது. மெஷ் வைஃபை, அதாவது வீடு முழுக்க ஒரே வைஃபையாகச் சேர்ந்து வேலை செய்யும் பல பெட்டிகள் (ஒவ்வொன்றும் ஒரு நோடு), வாங்கலாமா, எதை வாங்கலாம் என்று வந்த கேள்விகளுக்கு என் அனுபவத்தில் தெரிந்தவரை பதில் சொல்லியிருக்கிறேன்.

திருச்சி: சார், தரைத்தளமும் இரண்டு மாடியும் சேர்த்து 3,200 சதுர அடி. மூன்று நோடு கொண்ட மெஷ் பெட்டி ஒன்று பார்த்தேன். 6,000 சதுர அடி வரை எடுக்கும் என்று போட்டிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே வாங்குங்கள். அந்தச் சதுர அடிக் கணக்கு மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும் வைத்துக் கட்டிய வீட்டுக்குச் சரி. நம் வீட்டில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், அதன்மேல் பூச்சு, தலைக்கு மேல் கம்பி கட்டிய கான்கிரீட் தளம். 5 கிகாஹெர்ட்ஸ் அலை ஒரு தளத்தைத் தாண்டுவதற்குள்ளேயே களைத்துவிடும். அதனால் நான் சதுர அடியைக் கேட்பதில்லை. எத்தனை தளம், நடுவில் எத்தனை சுவர் என்றுதான் கேட்பேன். உங்கள் வீட்டுக்குத் தளத்துக்கு ஒன்று என்று மூன்று வைத்துக்கொள்ளலாம். மூன்றையும் படிக்கட்டுப் பக்கமாக, ஒன்றுக்கு மேல் ஒன்றாக வையுங்கள். கான்கிரீட்டில் இருக்கும் ஒரே பெரிய ஓட்டை படிக்கட்டுதான்.

ஆனால் எத்தனை பெட்டி என்பது இரண்டாவது கேள்வி. அந்தப் பெட்டிகள் ஒன்றோடொன்று எப்படிப் பேசிக்கொள்ளப் போகின்றன என்பதுதான் முதல் கேள்வி. இதைத்தான் பேக்ஹால் என்கிறார்கள். நடுவில் லேன் கேபிள் இருந்தால் சுமாரான மெஷ்கூட நன்றாக ஓடும். கேபிள் இல்லையென்றால் நோடுகள் காற்றில்தான் பேச வேண்டும். ஒரு ரேடியோ ஒரே சேனலில் ஒரே நேரத்தில் கேட்கவும் பேசவும் முடியாது. கீழ் நோடிடமிருந்து வாங்கி, பிறகு உங்கள் போனுக்குக் கொடுக்க வேண்டும். அங்கேயே வேகம் ஏறக்குறைய பாதியாகிறது. அதற்கும் மேலே இன்னொரு நோடு என்றால் பாதியில் பாதி. காவிரி கரைபுரண்டு ஓடினாலும் கடைமடைக்கு எவ்வளவு வந்து சேரும் என்பது வாய்க்காலைப் பொறுத்ததுதானே?

திருச்சி, மீண்டும்: புது வீடு சார், சுவரை உடைக்க வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள். ஒயர் வேண்டாமென்றால் வழியே இல்லையா?

இருக்கிறது. முதலில், இணைப்புக் கொடுத்தவர்களைக் கூப்பிட்டு ஃபைபரை முதல் மாடிக்கு ஏற்றித் தரச் சொல்லுங்கள். மெல்லிய கேபிள்தான், வெளிச்சுவரோரமாகவே போய்விடும். முதன்மை நோடு நடுமாடியில் உட்கார்ந்தால் மேலேயும் கீழேயும் ஒரே தாவல். தரைத்தளத்தில் ஆரம்பித்தால் இரண்டாம் மாடிக்கு இரண்டு தாவல். பெரிய செலவில்லாமல் கிடைக்கும் முன்னேற்றம் இது. அதன்பிறகு மூன்று பேண்ட் (அலைவரிசை) உள்ள மெஷ் பாருங்கள். அதில் ஒரு ரேடியோவைப் பேக்ஹாலுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்களா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

சேலம்: ஏசி 1200, ஏஎக்ஸ் 3000 என்று பெட்டியில் போடுகிறார்களே, எனக்கு 3000 எம்பிபிஎஸ் வருமா?

வராது. எல்லா பேண்டின் உச்ச வேகத்தையும் கூட்டிப் போட்ட எண் அது. ஏஎக்ஸ் (அதாவது வைஃபை 6) 3000 என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸில் 574, 5 கிகாஹெர்ட்ஸில் 2402. அந்த 2402-ம் 160 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில் மட்டும்தான். உங்கள் போன் 80-இல் பேசினால் 1201 என்று காட்டும், கைக்கு வருவது அதிலும் பாதிக்குக் கொஞ்சம் மேலே. 300 எம்பிபிஎஸ் திட்டம் வைத்திருக்கும் வீட்டுக்கு இது தாராளம்.

இதைவிட முக்கியமானது பெட்டியின் பின்பக்கம். லேன் போர்ட் கிகாபிட்டா (1000 எம்பிபிஎஸ்), 100 எம்பிபிஎஸ்ஸா? டிபி-லிங்க் கம்பெனியின் டெகோ மெஷ்ஷில் இ4, எம்4 இரண்டுமே ஏசி 1200தான். எம்4-இல் கிகாபிட் போர்ட், இ4-இல் 100. கேபிள் இழுத்து இ4-ஐ மாட்டினால் அந்தக் கேபிளில் நூறுக்கு மேல் ஒரு சொட்டு கூடப் போகாது.

காரைக்குடி: அண்ணே, தாத்தா கட்டிய வீடு. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். சுவர் மொத்தம் சொல்லி மாளாது. பழைய பூச்சில் ஆணி அடிக்கக்கூட அப்பா விடமாட்டார். விசேஷத்துக்கு ஐம்பது பேர் கூடிவிட்டால் முகப்பைத் தாண்டி ஒருவருக்கும் நெட் இல்லை.

எனக்குப் பிடித்த கேள்வி! பெரிய வீடுகளிலேயே மெஷ்ஷுக்குக் கொடுத்துவைத்தது செட்டிநாட்டு வீடுதான். சுவரைப் பார்த்துப் பயப்படாதீர்கள், வாசலைப் பாருங்கள். வாசற்படியில் நின்றால் கதவு கதவாகக் கடைசிக் கட்டு வரை நேர்கோட்டில் தெரிகிறதா? அந்தக் கோட்டில்தான் நோடுகள் வர வேண்டும். முகப்பில் முதன்மை நோடு, வளவைத் தாண்டி எதிர்த் தாழ்வாரத்தில் ஒன்று, இரண்டாம் கட்டில் ஒன்று. நடுவில் இருப்பது திறந்தவெளி முற்றம், அலைக்குத் தடையே இல்லை. கதவைச் சாத்தினாலும் பரவாயில்லை, தேக்குக் கதவு தடுப்பது சுவர் தடுப்பதைவிடக் குறைவுதான். வளவைச் சுற்றியுள்ள அறைகளுக்குள் நோடு வைக்காதீர்கள். அது அந்த ஒரு அறைக்கு மட்டும்தான் விளக்கு. தாழ்வாரத்தில் மழைச்சாரல் படாத இடமாக, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, அலமாரி மீதோ ஸ்டாண்டிலோ வையுங்கள். இரும்புப் பெட்டி, பெரிய கண்ணாடி பக்கத்தில் வேண்டாம்.

ஐம்பது பேர் என்பது வேறு கதை. அத்தனை போனும் காற்றில் பேசும்போது, நோடுகளும் அதே காற்றில் பேசினால் நெரிசல்தான். பழைய மின்சார ஒயர் சுவருக்கு வெளியே மரப்பட்டையில் போகிறது என்றால், அதிலிருந்து ஓர் அடி தள்ளி உத்திரத்தோரமாக ஒரு லேன் கேபிள் ஓட்டப் பாருங்கள். ஆணி தேவையில்லை, உத்திரத்தில் கட்டியே கொண்டுபோகலாம். முகப்பிலிருந்து இரண்டாம் கட்டுக்கு அந்த ஒரு கேபிள் போனாலே விசேஷ நாள் சமாளித்துவிடும். அப்பாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

கோவை: அண்ணா, வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். அடுத்த வாரம் முதல் தளம் கான்கிரீட். எந்த மெஷ் வாங்கட்டும்?

மெஷ் பிறகு. நாளைக்கே எலக்ட்ரீஷியனைப் பிடியுங்கள். கான்கிரீட் போடுவதற்கு முன் செய்ய வேண்டியதைப் பிறகு செய்தால் காடி வெட்டும் கூலி, பூச்சு, பெயின்ட், வீட்டில் வாங்கும் திட்டு எல்லாம் சேரும். படிக்கட்டுக்குக் கீழோ, லாஃப்டிலோ ஓர் இடத்தை நெட்வொர்க்குக்கென்று முடிவு செய்யுங்கள். ஃபைபர் அங்கே வந்து இறங்கட்டும். அங்கிருந்து ஒவ்வொரு தளத்தின் கூரை நடுவுக்கும், டிவி சுவருக்கும், வேலை பார்க்கும் அறைக்கும், கேட் கேமராவுக்கும் தனித்தனியாக 25 எம்எம் பைப். கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே லேன் கேபிளையும் விடச் சொல்லுவார்கள், விடாதீர்கள். வளைவுகள் மெதுவாக இருக்கட்டும். உள்ளே ஒரு நைலான் கயிறு விட்டு வையுங்கள்.

என் சொந்த வீட்டில் எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, பைப் வாயை மட்டும் அடைக்க மறந்தேன். சிமென்ட் பால் உள்ளே இறங்கி இறுகிப்போய், மேல்மாடிக்கு நானே வெளிச்சுவரில் கேபிள் ஓட்டினேன். ஊருக்கெல்லாம் உபதேசம்! பைப் வாயில் துணி திணித்து டேப் சுற்றுங்கள். கான்கிரீட்டுக்கு முன் போட்டோ எடுத்து வையுங்கள்.

கேபிள் கேட் 6, சுத்தச் செம்பு. அலுமினியக் கம்பிக்குச் செம்புப் பூச்சுப் பூசி மலிவாக விற்பார்கள். சுருளைத் தூக்கிப் பார்த்தாலே எடை குறைவது தெரியும், கம்பியைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளை தெரியும். அது வேண்டாம். ஒரு புள்ளிக்கு இரண்டு கேபிள் விட்டால் நிம்மதி.

இவ்வளவும் செய்தபிறகு உங்களுக்குக் கடையில் விற்கும் மெஷ்ஷே தேவைப்படாது. ஒமாடா, யூனிஃபை பிராண்டுகள் மாதிரி கூரையில் ஒட்டும் ஆக்சஸ் பாயின்ட் (கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகக் கொடுக்கும் பெட்டி) தளத்துக்கு ஒன்று போடுங்கள். லேன் கேபிளிலேயே கரண்டும் போய்விடும், பிளக் பாயின்ட் வேண்டாம்.

டொரண்டோ: இரண்டு மாடியும் பேஸ்மென்டும் உள்ள வீடு. மனைவி பேஸ்மென்டில் இருந்து வேலை செய்கிறார், வீடியோ கால் அடிக்கடி அறுகிறது. எல்லா அறையிலும் பழைய கேபிள் டிவி பாயின்ட் இருக்கிறது, லேன் இல்லை.

உங்கள் கையில் வெண்ணெய் இருக்கிறது, நெய்க்கு ஏன் அலைகிறீர்கள்? அந்த டிவி கேபிளிலேயே நெட் அனுப்ப மோகா அடாப்டர் இருக்கிறது. ரவுட்டர் பக்கம் ஒன்று, பேஸ்மென்டில் ஒன்று. மோகா 2.5 வகை என்றால் 2.5 ஜிபிபிஎஸ் வரை தாங்கும். லேன் கேபிளுக்குக் கிட்டத்தட்டச் சமம். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் மோகா ஃபில்டர் ஒன்று போடுங்கள், உங்கள் சிக்னல் தெருவுக்குப் போகாது. நடுவில் கேபிளைப் பிரிக்கும் பழைய ஸ்ப்ளிட்டர் மோகா அலைவரிசையைத் தாங்காவிட்டால் மாற்றிவிடுங்கள். பேஸ்மென்ட் முனையில் மெஷ் நோடை அடாப்டரோடு சொருகினால் போதும். உங்கள் சுவர் ஜிப்சம், இரண்டு நோடே வீட்டை எடுத்துவிடும்.

நம்மூர்க்காரர்கள் இதைப் படித்துவிட்டு டிஷ் ஒயரில் முயற்சி செய்ய வேண்டாம். டிஷ்ஷிலிருந்து இறங்கும் சிக்னலும் மோகாவும் ஒரே அலைவரிசையில் மோதும்.

மதுரை: கரண்ட் ஒயர் வழியாகவே நெட் அனுப்பும் பவர்லைன் அடாப்டர் எப்படி சார்?

மூன்று ஃபேஸ் வீடா? கீழே ஒரு ஃபேஸ், மேலே இன்னொரு ஃபேஸ் என்றால் அடாப்டர்கள் ஒன்றையொன்று சரியாகப் பார்க்காது. ஸ்பைக் பஸ்டரில் சொருகினால் இன்னும் மோசம். திருப்பிக் கொடுக்க முடியும் என்றால் மட்டும் வாங்கிப் பாருங்கள்.

நாமக்கல்: கேபிள் இழுத்து மெஷ் போட்டாயிற்று. திட்டம் 300. மேல்மாடியில் மட்டும் எப்போது பார்த்தாலும் 94. மெஷ் கோளாறா?

94 என்ற எண்ணே காட்டிக்கொடுக்கிறது. 100-க்கு இணைந்த கேபிளில் வரும் உச்சம் அதுதான். கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும், ஏதோ ஒன்று பிடிக்கவில்லை. இரண்டு முனையிலும் ஆர்ஜே45 பிளக்கை வெட்டிப் புதிதாக கிரிம்ப் பண்ணச் சொல்லுங்கள். அப்புறமும் 94 என்றால் நடுவில் உள்ள ஸ்விட்ச்சைப் பாருங்கள்.

ஈரோடு: மேல் அறைக்குப் போனாலும் போன் கீழ் நோடையே பிடித்துக்கொண்டு தொங்குகிறது. பெயர் ஒன்றுதான், பாஸ்வேர்ட் ஒன்றுதான்.

எந்த நோடில் இருப்பது என்று முடிவு செய்வது போன்தான். மெஷ் பரிந்துரைக்கலாம், பிடித்து இழுக்க முடியாது. 802.11கே, வி என்பவை அந்தப் பரிந்துரைக்கான ஏற்பாடுகள், ஆர் என்பது மாறுவதை வேகமாக்கும் ஏற்பாடு. ஆனால் அதற்கு முன் ஒன்று கேட்கிறேன்: இணைப்புக் கொடுத்தவர் வைத்த பழைய ரவுட்டரின் வைஃபை இன்னும் ஓடுகிறதா, அதுவும் அதே பெயரில்? நான் போன பாதி வீடுகளில் இதுதான் குற்றவாளி. அதை அணையுங்கள். பிறகும் தொங்கினால் நோடுகள் மிக நெருக்கமாக இருக்கலாம், கீழ் நோடைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

அந்தப் பழைய பெட்டியும் ரவுட்டர், மெஷ்ஷும் ரவுட்டர் என்று இரட்டை வேலை நடந்தால் கேம், கேமரா ஆப் போன்றவை முரண்டு பிடிக்கும். மெஷ் ஆப்பில் ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றிவிடுங்கள்.

தஞ்சாவூர்: கரண்ட் போய் இன்வெர்ட்டர் வந்தவுடன் எல்லா நோடும் அணைந்து எழுகிறது. ஐந்து நிமிடம் நெட் இல்லை.

இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். மற்ற மோடில் மாறும் நேரம் அதிகம், அதற்குள் ரவுட்டர் கண்ணை மூடிவிடும். அந்தச் சுவிட்ச் இல்லையென்றால் 12 வோல்ட் மினி யுபிஎஸ். நோடின் அடாப்டரில் வோல்ட்டும் ஆம்பியரும் பார்த்து வாங்குங்கள். ஃபைபர் பெட்டிக்கும் ஒன்று வேண்டும், அதை மறந்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

பொள்ளாச்சி: தோப்பு நடுவில் வீடு. எண்பது மீட்டர் தள்ளி ஆட்கள் தங்கும் வீட்டுக்கும் நெட் வேண்டும். அங்கே ஒரு நோடு வைத்தால் எடுக்குமா?

தென்னை நடுவில் எடுக்காது. மழையில் நனைந்த மட்டை அலையைக் குடித்துவிடும். லேன் கேபிள் 100 மீட்டர் வரை போகும் என்றாலும் திறந்தவெளியில் செம்பு வேண்டாம், இடி விழுந்தால் இரண்டு வீட்டுப் பெட்டியும் போகும். மண்ணில் பைப் புதைத்து ஃபைபர் விட்டு, இரு முனையிலும் மீடியா கன்வர்ட்டர் (ஃபைபரை லேனாக மாற்றும் பெட்டி) வையுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. ஆனால் உள்ளே இரும்புக் கம்பி இல்லாத ஃபைபராகக் கேட்டு வாங்குங்கள்.

சென்னை: வைஃபை 7-க்குக் காத்திருக்கலாமா?

காத்திருக்கத் தேவையில்லை, 2024 ஜனவரியிலேயே அதற்கான சான்றிதழ் தொடங்கிவிட்டது. பெட்டியில் 6 கிகாஹெர்ட்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பேண்ட் மட்டும் வைத்து வைஃபை 7 என்று விற்பவையும் உண்டு. இருந்தாலும் 6 கிகாஹெர்ட்ஸ் நம் சுவரை 5-ஐ விட மோசமாகத்தான் தாண்டும். அமெரிக்கா 2020-இல் இந்த அலைவரிசையில் 1200 மெகாஹெர்ட்ஸ் திறந்தது. நம் அரசு 2025 மே மாத வரைவு விதிகளில் முன்வைத்தது 5925 முதல் 6425 வரை, 500 மட்டுமே. உங்களிடம் பணம் மிச்சம் இருந்தால் முதலில் கேபிள் இழுங்கள். வைஃபை 6 போதும்.

திருச்சி, இரண்டு நாள் கழித்து: சார், ஃபைபரை முதல் மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். இருந்த பழைய ரவுட்டரை அங்கே வைத்ததிலேயே தரைத்தள ஹாலில் நெட் வருகிறது. இப்போது மூன்று நோடு வேண்டுமா, இரண்டு போதுமா?

போனில் வைஃபை அனலைசர் ஆப் போட்டு, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடங்களில் மட்டும் அளந்து பாருங்கள். சிக்னல் அளவு மைனஸ் 67 டிபிஎம்முக்குக் கீழே இறங்காத இடத்தில் வீடியோ கால் அறுகாது. மைனஸ் 80 என்றால் ஆகாது. ஹால் தேறினால் இரண்டு நோடு பெட்டி வாங்கி, ஒன்றை நடுமாடியிலும் ஒன்றை மேலேயும் வையுங்கள். மேலே வைப்பதைச் சிக்னலே இல்லாத மூலையில் வைக்காதீர்கள், பாதி வழியில், படிக்கட்டு முடியும் இடத்தில் வையுங்கள். தரைத்தளச் சமையலறையில் பாட்டு அறுந்தால் அப்புறம் மூன்றாவது வாங்கிக்கொள்ளலாம், தனி நோடாகவும் விற்கிறார்கள்.